தங்கலானும் லாவெல்லும்: படம் காட்டாத காகிதம்

பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024 ஆகஸ்டில் வந்தப்போ பெங்களூர் தியேட்டர்ல பார்த்தேன். போன வாரம் கருக்களாச்சேரி வீட்டுக்கு வந்த இடத்துல மறுபடி பார்த்தேன். கிளெமென்ட் துரை பாத்திரம் மட்டும் இந்தத் தடவையும் உறுத்தியது.

வட ஆற்காட்டுச் சனங்களைப் பங்கு தர்றேன்னு சொல்லி தங்கம் தேடக் கூட்டிட்டுப் போறவர் கிளெமென்ட். படத்தின் காலம் 1850-ஐ ஒட்டியது. நிஜத்தில் கோலாருக்கு அப்படித் தங்கம் தேடி வந்தவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல். நியூசிலாந்துப் போரில் இருந்த அயர்லாந்துக்காரர், ஓய்வு பெற்று பெங்களூரில் குடியேறியவர். 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் கிளம்பினார்.

கையில் மந்திர வரைபடம் எதுவும் இல்லை. லெப்டினன்ட் ஜான் வாரன் எழுதி வைத்த பழைய குறிப்பு ஒன்றைப் படித்திருந்தார், அவ்வளவுதான். மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க 1802-ல் வந்தவர் வாரன். (இவர் 1830-ல் இறந்தது நம்ம பாண்டிச்சேரியில்!) மண்ணில் தங்கம் இருக்குன்னு அவருக்குக் காட்டியவர்கள் உரிகம் கிராமத்து மக்கள். வண்டியில் மண் கொண்டுவந்து, அவர் கண்முன்னே கழுவிக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் கல்லைக் கூடையில் கைமாற்றி மேலே ஏற்ற, பெண்கள் அதை இடித்துத் தூளாக்கிக் கழுவினார்கள்.

இந்த இடத்தில் ரஞ்சித் சரி. தங்கம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சது உள்ளூர்ச் சனத்துக்குத்தான். ஆனா அது கைமாறின விதத்தை படம் துப்பாக்கியாலும் மாயத்தாலும் சொல்கிறது. லாவெல் செய்தது மனு எழுதியது. மைசூர் அப்போ பிரிட்டிஷ் கமிஷனர் ஆட்சியில். 1873-ல் விண்ணப்பித்தார், 1875-ல் 20 வருட உரிமம் கிடைத்தது. தோண்ட முதல் பத்தவில்லை. சில வருஷத்திலேயே பெரஸ்ஃபோர்டு என்ற ராணுவ அதிகாரியும் நண்பர்களும் சேர்ந்த குழுவுக்கு அந்த உரிமத்தை மாற்றிக் கொடுத்தார். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்த பிறகுதான் சுரங்கம் உண்மையிலேயே ஓடியது. 2001-ல் மூடும்வரை 800 டன்னுக்கு மேல் தங்கம்.

ஆக, லாவெல்லின் சரக்கு தங்கமே இல்லை, உரிமம்தான். சாஃப்ட்வேர்க்காரனான எனக்கு இது நல்லாப் புரியுது: ஐடியாவைக் காகிதமாக்கி, முதலீட்டாளரிடம் கைமாற்றுகிற வேலை. கொடூரத் துரையைவிட இந்த அமைதியான மனுதாரர் பயங்கரமானவர். எதிர்த்து நிற்க அங்கே யாருமே இருக்கமாட்டாங்க. படம் தவறவிட்ட வில்லன் அந்தக் காகிதம்.

பெங்களூரில் லாவெல் ரோடு வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன். உரிகத்தில் மண் கழுவிக் காட்டியவர் ஒருத்தர் பேரும் எந்தத் தெருவுக்கும் இல்லை. எங்க ஊர்ப் பெரியவங்க தண்ணி நிறத்தைப் பார்த்தே மீன் எங்கே கிடக்கும்னு சொல்வாங்க. நாளைக்கு அந்த இடத்துக்கு யாராவது உரிமம் வாங்கினா, கண்டுபிடிச்சவர்னு அவர் பேரைத்தான் எழுதுவாங்க.