இரண்டு மலைகளும் ஒரு சூரியனும்

கல்முனைக் கரையோரத்துப் பாடசாலையொன்றில் பதின்மூன்று வயது மாணவனிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "விரும்பியதை வரை" என்று சொல்லிப் பாருங்கள். கூம்பிய மலைகள் இரண்டு எழும். அவற்றின் இடையே பாதிச் சூரியன் எட்டிப் பார்க்கும். மலையடியிலிருந்து ஓர் ஆறு வளைந்து வரும். ஆற்றங்கரையில் ஓலைக் குடிசை, அருகே ஒரு தென்னை, வானில் நாலு பறவைகள். அவ்வளவுதான் படம்.

தமிழ் கற்பிப்பவராகிய நமக்கு, சித்திர ஆசிரியர் இல்லாதிருந்த ஒரு தவணையில் அப்பாடவேளையும் வந்து சேர்ந்தது. முதல் நாளே நம் மேசைமீது குவிந்த தாள்களிற் பெரும்பாலானவை இந்த மலைகளையே சுமந்து வந்தன. இந்தப் பிள்ளைகளின் ஊரிலோ சூரியன் கடலிலிருந்து எழுகிறது. மேற்கே சம்மாந்துறைப் பக்கம் நெல்வயல் விரிந்து கிடக்கிறது. கரைவலை இழுப்போரின் குரல் கேட்டு வளர்ந்த பிள்ளை, வாப்பாவின் தோணியை விட்டுவிட்டு, அருகிருந்து ஒருநாளும் காணாத மலையை வரைவானேன்?

குற்றம் பிள்ளையுடையதன்று. கரும்பலகையில் ஆசிரியர் வெண்கட்டியால் வரைந்ததை அவன் கொப்பியில் இறக்கினான். அந்த ஆசிரியரும் தம் ஆசிரியரிடமிருந்து அவ்வாறே இறக்கியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் தம் குடியேற்ற நாடுகளிற் பரப்பிய சித்திரக் கல்வி, அச்சுப் படத்தைப் பார்த்து நகல் செய்தலையே முதற்படியாகக் கொண்டிருந்தது. ஆட்சி போயிற்று, நகல் போகவில்லை. இதே நோயைத் தமிழ்க் கட்டுரைக் கொப்பியிலும் நாம் நாள்தோறும் காண்கிறோம். "நான் விரும்பும் பெரியார்" என்று தலைப்புக் கொடுத்தால், வகுப்பு முழுவதும் ஒரே பெரியாரை ஒரே சொற்களால் விரும்புகிறது! மனனம் செய்த மலையும் மனனம் செய்த கட்டுரையும் உடன்பிறப்புகளே.

இந்த நகல் வழியை எதிர்த்தவர்கள் இல்லாமலில்லை. வியன்னாவில் ஃபிரான்ஸ் சீசெக் 1897இல் சிறுவர்க்கான ஓவிய வகுப்பைத் தொடங்கி, பிள்ளையைத் தன்போக்கில் வரைய விட்டார். இலங்கையில் 1920களில் சித்திரக் கல்வியின் தலைமை ஆய்வாளராயிருந்த சி. எஃப். வின்சர் புதிய போக்குகளுக்கு வழி திறந்தார். அவர் பெயரால் 1930களில் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை சித்திரக் கழகம் அமைத்தார். பின்னாளில் அங்கே அ. மாற்கு ஆசிரியராயிருந்து, தம் மாணவரையும் ஓவியராக்கினார்.

ஆயினும் "தன்போக்கில் வரையட்டும்" என்பது மட்டும் போதுமா? போதாது என்பதே நம் அனுபவம். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில், சிறுவர் ஓவியத்தின் வளர்ச்சியைப் படிப்படியாக வகுத்து, குமரப் பருவத்தை ஒரு நெருக்கடிக் காலமாகக் காட்டினார். ஐந்து வயதிற் கூச்சமின்றி வரைந்த கை, பன்னிரண்டு பதின்மூன்றில் தன் படத்தைத் தானே குறைகாணத் தொடங்குகிறது. கண் வளர்ந்துவிட்டது, கை வளரவில்லை. அந்த வேளையில் அவனுக்குத் தேவை பாராட்டன்று, பயிற்சி. பயிற்சி கிட்டாதபோது அவன் சொல்கிறான்: "சேர், எனக்குக் கை வராது." வாழ்நாள் முழுவதும் அதையே நம்பிவிடுகிறான். சித்திரம் பிறவிக் கொடை என்ற பொய், கற்பிக்காத நம் குற்றத்தை மூடும் போர்வையே.

பயிற்சி என்பது பெரிய வித்தையன்று. ஒரு தண்ணீர்க் குடத்தை மேசைமேல் வைத்தோம். மாணவி ஒருத்தி அதன் வாயை முழு வட்டமாக வரைந்திருந்தாள். "குடத்தின் வாய் வட்டந்தானே, சேர்?" என்றாள். குடத்தை அவள் கண்மட்டத்துக்கு உயர்த்தினோம். வட்டம் ஒரு கோடாயிற்று. மெல்லத் தாழ்த்தினோம். கோடு விரிந்து நீள்வட்டமாயிற்று. அவள் வரைந்தது அறிந்ததை, கண்டதையன்று. அந்த ஒரு கணத்தில் அவள் கற்றது ஓர் ஓவிய விதி மட்டுமா? தெரியும் என்று நாம் நம்புவதைக் கண்ணால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதல்லவா?

பின்னர் கடற்கரைக்குச் சென்றோம். நின்று பார்த்தாலும் அமர்ந்து பார்த்தாலும் அடிவானம் நம் கண்ணின் உயரத்திலேயே நிற்கிறது. அதைக் காட்டுதற்குக் கடலினும் சிறந்த கரும்பலகை ஏது? கையை நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, தோணியின் உயரத்தையும் நீளத்தையும் ஒப்பிட்டு அளக்கச் செய்தோம். நிழல் எப்பக்கம் விழுகிறது என்று கேட்டோம். அழிறப்பரையும் அடிமட்டத்தையும் பையிலேயே வைக்கச் சொன்னோம். கோணலாயினும், அன்று தாளில் வந்தவை அவ்வூர்த் தோணிகள்.

இங்கே இன்னொரு கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைதல் ஆகாது என்னும் கருத்து இக்கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. மார்க்க அறிஞரிடையே இதிற் கருத்து வேறுபாடும் உண்டு. அதிற் தீர்ப்புச் சொல்வது நம் பணியன்று. ஆனால் அதன் பெயரால் பென்சிலையே பறிப்பது தகுமா? குடம், தோணி, தறி, தென்னை, பள்ளிவாசலின் மினாரா ஆகியவற்றைக் கொண்டே அடிப்படை அனைத்தையும் கற்பிக்கலாம். பஸ்றாவிற் பிறந்த இப்னு அல்-ஹைதம் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ஒளியியல் நூல், கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுட் புகுந்து காட்சியாகிறது என நிறுவியது. இலத்தீனிற் பெயர்க்கப்பட்ட அந்நூலின் சிந்தனை, ஐரோப்பிய ஓவியர் அண்மையையும் தூரத்தையும் தாளில் அமைக்கக் கற்றதற்கும் துணையாயிற்று. காணக் கற்றல் இச்சமூகத்துக்கு அந்நியமானது என்று எவர் சொல்லக் கூடும்?

வீட்டினுள்ளேயே சான்று இருக்கிறது. சாயமிட்ட பன்னை எடுத்து மூத்தம்மா இழைத்த பாயைப் பாருங்கள். மருதமுனைத் தறியில் நூலை எண்ணி எண்ணி நெய்யப்படும் சாரனையும் சேலையையும் பாருங்கள். அளவும் ஒழுங்கும் நிறத்தின் இசைவும் அங்கே உழைப்பின் வடிவில் உள்ளன. ஆனால் நெசவாளியின் மகனுக்குப் பாடசாலை கொடுப்பது இரண்டு மலைகளை! அவன் வீட்டு அறிவு வகுப்பறை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுகிறது. தானே ஒரு புதுக் கோலத்தைத் தாளில் வகுக்கத் தெரிந்த நெசவாளி, பிறர் கொடுத்த மாதிரியை நெய்பவனாகவே இருந்துவிட வேண்டியதில்லை. தச்சனுக்கும் மேசனுக்கும் தையற்காரிக்கும் இதுவே பொருந்தும்.

சித்திரம் இன்று க.பொ.த. சாதாரண தரத்திற் தெரிவுப் பாடங்களுள் ஒன்று. கணிதமும் விஞ்ஞானமும் "வராத" பிள்ளைக்கு ஒதுக்கிய இடம் என்றே பெற்றோர் பலர் அதைக் கருதுகின்றனர். பரீட்சை நெருங்கினால் அப்பாடவேளை வேறு பாடத்துக்குக் கைமாறுகிறது. நாமும் அவ்வாறு கைமாற்றியவர்களே என்பதை மறைக்க விரும்பவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஓவியராக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தமிழ் எழுதக் கற்பது புலவராவதற்கா? காணாத மலையை வரையப் பழகியவன், எதிரே நிற்பதைக் காணாமலிருக்கவும் பழகிவிடுகிறான். தன் ஊரைக் காணாத கண், தன் ஊரின் துயரையும் காணாது. ஆகவே ஆசிரிய நண்பர்களே, அடுத்த சித்திரப் பாடவேளையிற் கரும்பலகையை வெறுமையாக விடுங்கள். மேசைமேல் ஒரு குடத்தை வையுங்கள்.