பூட்டியவர் யார்?

ஜப்பானிய வரலாற்றை எழுதுவோர் தவறாது கையாளும் சொல் ஒன்றுண்டு. ‘சாகோகு’ என்பது அச்சொல்; ‘பூட்டிய நாடு’ என்பது அதன் பொருள். 1639 முதல் ஜப்பான் கதவடைத்துக் கிடந்தது என்றும், 1853இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்து அதனைத் திறந்தன என்றும் பாடநூல்கள் பலவும் கூறும். 2017இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் பாடத்திட்ட வரைவிலிருந்து இச்சொல்லை நீக்க முற்பட்டு, எதிர்ப்பு எழவே மீண்டும் சேர்த்துக்கொண்டது. நீக்கத் துணிந்ததும் சரியா, நிறுத்திக்கொண்டதும் சரியா என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

கதவை அடைத்தவர்கள் இச்சொல்லை அறியார். 1633க்கும் 1639க்கும் இடையே தொகுகவா ஆட்சியாளர் பிறப்பித்த ஆணைகளில் இது இல்லை. 1690 முதல் 1692 வரை நாகசாகியில் டச்சுக் கும்பினியின் மருத்துவராயிருந்த கெம்ஃபர் என்னும் ஜெர்மானியர், ஜப்பான் ஒதுங்கியிருப்பது அதற்கு நன்மையே என வாதிட்டு ஒரு கட்டுரை வரைந்தார். அதனை 1801இல் டச்சு மொழிவழி ஜப்பானியத்தில் பெயர்த்த ஷிசுகி தடாவோ என்னும் முன்னாள் துபாஷி, நீண்ட தலைப்பைச் சுருக்க வேண்டி இச்சொல்லைப் படைத்தார். ஆக, பூட்டு விழுந்து நூற்றறுபது ஆண்டுகள் சென்ற பின்னரே அதற்குப் பெயர் வாய்த்தது.

அப்பெயராவது பொருந்துகிறதா? நாகசாகியில் டச்சுக்காரரும் சீனரும், த்சுஷிமா வழியாகக் கொரியரும், சத்சுமா வழியாக ரியூக்கியூ தீவினரும், மத்சுமே வழியாக வடபுலத்து ஐனு மக்களும் வாணிபம் செய்தனர். நாகசாகித் துபாஷிகளுள் ‘மோரு’ மொழிக்கென, அதாவது பாரசீகத்துக்கென, ஒரு பிரிவினரும் இருந்தனர். நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற கோடிட்ட பருத்தித் துணி அங்கே ‘சந்தோமே’ என வழங்கிற்று. மயிலையை அடுத்த சாந்தோமின் பெயரே அது. சாந்தோம் துணியை விரும்பி வாங்கிய நாட்டைப் பூட்டிய நாடு என்பது எங்ஙனம்?

எனினும், பூட்டே இல்லை என்பாரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. 1635ஆம் ஆண்டின் ஆணை, ஜப்பானியர் கடல் கடப்பதையும், கடந்தவர் தாயகம் திரும்புவதையும் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. கிறிஸ்தவ நெறியைத் தழுவியிருந்தோர் அந்நெறியையோ உயிரையோ கைவிட நேர்ந்தது. மீண்டும் வாணிபம் தொடங்க வேண்டி 1640இல் மக்காவோவிலிருந்து வந்த போர்த்துக்கீசத் தூதுக்குழுவினருள் 61 பேர் கொல்லப்பட்டனர். பண்டங்களுக்குக் கதவு திறந்திருந்தது, மனிதருக்கே அடைபட்டது.

அரபு இலக்கணத்தார் செயப்பாட்டு வினையை ‘மஜ்ஹூல்’ என்பர்; ‘அறியப்படாதது’ என்பது அதன் பொருள். செய்தவன் பெயர் அங்கே மறைந்துவிடும். ‘நாடு பூட்டப்பட்டது’, ‘நாடு திறக்கப்பட்டது’ என்னும் வாசகங்களின் குறையும் இதுவே.

1853இல் கடற்படைத் தலைவர் பெரி நான்கு போர்க்கப்பல்களுடன் வந்து நின்றார். 1858இல் அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கை, சுங்கவரியைத் தானே விதிக்கும் உரிமையையும், குற்றம் புரிந்த அயலாரை விசாரிக்கும் உரிமையையும் ஜப்பானிடமிருந்து பறித்தது. இதற்குத்தான் ‘திறப்பு’ என்று பெயர்! அப்பாடத்தை ஜப்பான் நன்கு கற்றுக்கொண்டது. 1875இல் கொரியாவின் கங்வா தீவுக்குத் தன் போர்க்கப்பலை அனுப்பி, மறு ஆண்டே அதே வகை உடன்படிக்கையைக் கொரியர்மீது சுமத்திற்று. 1910இல் அந்நாட்டையே விழுங்கிற்று. 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியபோது, தான் சுற்றி வளைக்கப்பட்டதாகக் கூறிப் போருக்குப் புறப்பட்டது. 1931இல் மஞ்சூரியாவிலும், 1937இல் சீனா நெடுகிலும், அதே 1941இல் தென் இந்தோசீனாவிலும் படை செலுத்தியவர் யார் என்பதை அந்த ‘மஜ்ஹூல்’ மறைத்தது.

ஆதலின் ‘சாகோகு’ என்னும் சொல்லை அகற்ற வேண்டுவதில்லை; எழுவாயோடு சேர்த்து எழுதினாற் போதும். பூட்டியவர் தொகுகவா ஆட்சியாளர். உள்ளே அகப்பட்டோர் அவர்தம் குடிமக்கள். திறந்தவை அயலார் பீரங்கிகள். அப்பீரங்கிப் பாடத்துக்கு விலை கொடுத்தோர் கொரியரும் சீனரும், இறுதியில் ஜப்பானியரும். நம் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிப்போர், ‘செய்தவர் யார்?’ என்று வினவும் வழக்கத்தையும் உடன் கற்பிப்பாராக.