சொல்லும் தீர்ப்பும்: நடுநிலை வகுப்புகளில் ஆங்கிலமும் சமூக அறிவியலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் ஆங்கிலவழிப் பிரிவுகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்பு மாணவர்கள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகவும், சமூக அறிவியலை அம்மொழியின் வழியாகவும் கற்கின்றனர். இவ்விரு பாடங்களும் சொல் என்னும் களத்தில் சந்திக்காவிடில் வரலாற்றுச் சொல்லில் அடங்கிய தீர்ப்பு மாணவருக்குப் புலப்படாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நடுநிலை வகுப்பு, ஆங்கிலவழிக் கல்வி, சமூக அறிவியல், கலைச்சொல், வேலூர்ப் புரட்சி

முன்னுரை

அரசுப் பள்ளிகளில் 2012–13ஆம் கல்வியாண்டில் தொடங்கப்பட்ட ஆங்கிலவழிப் பிரிவுகள் அடுத்த ஆண்டு விரிவுபடுத்தப்பட்டன. 2018–19 முதல் புதிய பாடநூல்கள் நடைமுறைக்கு வந்தன. சமூக அறிவியல் நூல் தமிழ், ஆங்கிலம் என இரு வடிவங்களில் வெளியாகிறது. எவ்வழிக் கல்வி சிறந்தது என்னும் விவாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. வழி எதுவாயினும் பாடத்தின் சொற்களை மாணவருக்கு யார் கற்பிப்பது என்னும் வினாவும் அதே அளவு முதன்மையானது.

இரு ஆசிரியர், ஒரு மொழி

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர்களை வரையறுக்கிறது. பாட வல்லமைக்கு இப்பகுப்பு இன்றியமையாதது. ஆயின், ஆங்கில ஆசிரியர் கதை, கவிதை, இலக்கணம் ஆகியவற்றோடு நிற்க, சமூக அறிவியல் ஆசிரியர் மாணவர் ஆங்கிலம் அறிந்தவர் என்று கருதித் தொடங்கினால், பாடத்திற்குரிய ஆங்கிலம் இருவர் பொறுப்பிலும் இல்லாமற் போகிறது.

அன்றாட உரையாடல் மொழியும் கல்விசார் மொழியும் வெவ்வேறு திறன்கள் என்று ஜிம் கம்மின்ஸ் 1979இல் வேறுபடுத்திக் காட்டினார். மொழிக் கல்வி மொழி வகுப்போடு முடிவதன்று என்பதை இங்கிலாந்தின் புல்லக் குழு அறிக்கையும் (1975), இந்தியாவின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் (2005) வலியுறுத்தின. கொள்கை அளவில் ஏற்கப்பட்ட இக்கருத்து வகுப்பறையில் சொல் அளவில் சோதிக்கப்பட வேண்டியுள்ளது.

பழகிய சொல், புதிய பொருள்

மாணவரை இடறச் செய்வன அரிய சொற்கள் மட்டுமல்ல, பழகிய சொற்களும்தாம். ‘ரெவல்யூஷன்’ புவியியலில் கோள் சூரியனைச் சுற்றுதலையும், வரலாற்றில் புரட்சியையும் குறிக்கும். ‘கேபிடல்’ ஓரிடத்தில் தலைநகர், மற்றோரிடத்தில் மூலதனம். ‘ட்ரிபியூட்டரி’ துணையாறாகவும் திறை செலுத்தும் அரசாகவும் வரும். ‘ஸ்டேட்’ அரசு, மாநிலம் என இரண்டிற்கும் பொதுவானது. தமிழில் இப்பொருள்கள் தனித்தனிச் சொற்களால் வழங்குவதால், மேற்கண்ட இடங்களில் தமிழ்க் கலைச்சொல்லே ஆங்கிலச் சொல்லின் பொருளைத் தெளிவாக்கும்.

கலகமா, புரட்சியா?

எல்லா இடங்களிலும் தமிழ் இத்தெளிவைத் தருவதில்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். புதிய தலைப்பாகையும், சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும் உடனடிக் காரணங்களாயின. இந்நிகழ்வை ஆங்கிலத்தில் ‘மியூட்டினி’ என்றும் ‘ரிவோல்ட்’ என்றும் எழுதுவர். முன்னது படைவீரர் கட்டுப்பாட்டை மீறிய குற்றம் என்னும் ஆட்சியாளர் நோக்கைத் தாங்கியது. பின்னது அதிகாரத்திற்கு எதிரான எழுச்சி என்பது. பாளையக்காரர் எழுச்சி குறித்த கே. ராஜய்யனின் 1971ஆம் ஆண்டு நூல், 1800–1801 நிகழ்வுகளைத் தென்னிந்திய ‘ரெபெலியன்’ என்றும் முதல் விடுதலைப் போர் என்றும் தலைப்பிலேயே பெயரிடுகிறது. பெயரிடுதலே இங்கு வரலாற்று வாதம்.

தமிழில் ‘ரிவோல்ட்’, ‘ரெவல்யூஷன்’ இரண்டும் ‘புரட்சி’ ஆகின்றன. வேலூர்ப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி என்னும் வழக்குகளில், ஆட்சியை எதிர்த்த எழுச்சிக்கும் சமூக அமைப்பையே மாற்றிய நிகழ்வுக்கும் இடையிலான வேறுபாடு மறைகிறது. ஆங்கிலவழி மாணவருக்கோ வேறுபட்ட சொற்கள் கிடைத்தும், அவை ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கப்படாவிடில் மனப்பாடத்திற்குரிய பெயர்களாகவே எஞ்சும். முன்னவருக்குச் சொல் குறைவு. பின்னவருக்குச் சொல் இருந்தும் பொருள் குறைவு. நிகழ்வின் ஆண்டை மட்டும் கேட்கும் வினா இவ்விரு குறைகளையும் வெளிக்காட்டாது.

மறுப்பும் விடையும்

ஆங்கிலவழி வகுப்பில் தமிழைக் கொணர்வது ஆங்கிலப் பயிற்சியைக் குறைக்கும் என்று மறுக்கலாம். அன்றாடப் பேச்சுக்கு இம்மறுப்பு ஓரளவு பொருந்தலாம். கருத்தாக்கச் சொல்லுக்கு அது பொருந்தாது. ‘கலகம்’, ‘கிளர்ச்சி’, ‘புரட்சி’ என்பவற்றின் வேறுபாட்டைத் தமிழில் விவாதித்த மாணவரே ஆங்கிலச் சொற்களின் வேறுபாட்டையும் தேடுவார். காலப் பற்றாக்குறை என்னும் மறுப்பு மெய்யானது; எனினும், ஒரு பாடத்திற்கு ஐந்து சொற்களை மொழி ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் கலந்து தேர்வது பெருஞ்சுமையாகாது.

முடிவுரை

நடுநிலை வகுப்பிலேயே மாணவர் கதை கேட்கும் நிலையிலிருந்து காரணம் கேட்கும் நிலைக்கு நகர்கிறார். அந்நகர்வுக்குச் சொல்லே கருவி. பாடநூலின் இரு மொழி வடிவங்களையும் அருகருகே வைத்து, வேலூரில் நிகழ்ந்ததை ஏன் ஒருவர் கலகம் என்றும் மற்றொருவர் புரட்சி என்றும் அழைத்தனர் என்று வினவும் வகுப்பறையில் ஆங்கிலம், தமிழ், வரலாறு ஆகிய மூன்றும் ஒருங்கே கற்கப்படும். பயிற்றுமொழி பற்றிய ஆய்வுகள் தேர்ச்சி விழுக்காட்டோடு இத்தகைய சொல்லறிவையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.