போதுமா, போதாதா? வணிகப் பள்ளி நுழைவுத் தேர்வின் இயற்கணிதம் பற்றி ஒரு திறனாய்வு

கதைக்குத் திறனாய்வு உண்டு, நாடகத்திற்கும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான இளைஞர்கள் நெஞ்சு படபடக்கப் படிக்கும் கேள்வித்தாளுக்குத் திறனாய்வு எழுதுவார் எவரும் இலர். "கடினமாக இருந்தது", "எளிதாக இருந்தது" என்ற இரண்டு சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கு எதைச் சோதிக்கிறது? அதற்குப் பயிற்சி பெறுபவன் உண்மையில் எதைக் கற்கிறான்? எதைக் கற்காமல் போகிறான்? இவ்வினாக்களை மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வுகளின் இயற்கணிதப் பகுதியைக் கொண்டு ஆராய்வோம்.

இத்தேர்வுகளுள் இரண்டு நம் நாட்டு மாணவர்கள் நன்கு அறிந்தவை. ஒன்று, இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர்வதற்கான 'காமன் அட்மிஷன் டெஸ்ட்', சுருக்கமாகக் 'கேட்'. மற்றொன்று அமெரிக்காவில் பிறந்த 'ஜிமேட்'. 1953-ஆம் ஆண்டில் ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடிப் பேசியதன் பயனாக உருவாகி, 1954-இல் முதன்முதலாக நடத்தப்பட்டு, 1976-இல் இப்பெயர் பெற்றது அது.

இரண்டிலும் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டிய கணிதம் எதுவும் கேட்கப்படுவதில்லை. நேரியல் சமன்பாடு, இருபடிச் சமன்பாடு, சமனின்மை, அடுக்கு, விகிதம் ஆகியவற்றிற்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். கடினம் பாடத்தில் இல்லை; காலத்தில் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டுக் 'கேட்' தேர்வில் கணிதப் பகுதிக்கு 22 வினாக்கள். நேரம் 40 நிமிடங்கள். அதாவது வினா ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை.

விடை கேட்காத வினா

ஜிமேட் தேர்வில் ஒரு விந்தையான வினா வகை உண்டு. அதனைத் 'தரவுப் போதுமை' வினா எனலாம். ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் தரப்படும். கேள்விக்கு விடை காண வேண்டியதில்லை. விடை காண அக்கூற்றுகள் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். தெரிவுகள் ஐந்து, அவை எல்லா வினாக்களுக்கும் பொது:

(அ) முதற் கூற்று மட்டுமே போதும்; இரண்டாவது தனித்துப் போதாது.
(ஆ) இரண்டாம் கூற்று மட்டுமே போதும். முதலாவது தனித்துப் போதாது.
(இ) தனித்தனியே போதா. இரண்டும் சேர்ந்தால் போதும்.
(ஈ) ஒவ்வொன்றும் தனித்தே போதும்.
(உ) இரண்டும் சேர்ந்தும் போதா.

2023 நவம்பரில் வெளிவந்த புதிய ஜிமேட்டில் இவ்வகை கணிதப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுத் தரவுப் பகுதியில் சேர்க்கப்பட்டது. இடம் மாறினாலும் அதன் உயிர் மாறவில்லை. அவ்வகையில் நாமே ஒரு கணக்கை அமைத்துப் பார்ப்போம்.

ஒரு பேனாவின் விலை 7 ரூபாய். ஒரு நோட்டின் விலை 11 ரூபாய். ஒருவர் இரண்டு வகைப் பொருளையும் வாங்கினார். அவர் வாங்கிய பேனாக்கள் எத்தனை? முதற் கூற்று: அவர் செலவிட்ட தொகை 100 ரூபாய். இரண்டாம் கூற்று: அவர் வாங்கிய பொருள்கள் மொத்தம் 12.

பேனாக்களின் எண்ணிக்கையை 'ப' என்றும், நோட்டுகளின் எண்ணிக்கையை 'ந' என்றும் கொண்டால், முதற் கூற்று 7ப + 11ந = 100 ஆகிறது; இரண்டாவது ப + ந = 12 ஆகிறது. "தெரியாத அளவுகள் இரண்டு, ஆகவே இரண்டு சமன்பாடுகள் வேண்டும்" என்று பள்ளியில் படித்திருக்கிறோம். உடனே கை 'இ' என்ற தெரிவுக்குப் போகிறது. அது தவறு!

பேனாவை அரையும் காலுமாக வாங்க முடியாது. 'ப', 'ந' இரண்டும் 1, 2, 3 என்ற எண்களாகவே இருத்தல் வேண்டும். இப்போது 7-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே 11ந-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 2 வர வேண்டும். ந = 4 ஆனால் 44; மீதி 2. அடுத்து இது நிகழ்வது ந = 11 என்னும்போதுதான்; அதற்கு 121 ரூபாய் வேண்டும்; கையில் இருந்ததோ 100. ஆகவே நோட்டு 4, பேனா 8. வேறு வழியே இல்லை. முதற் கூற்று தனித்தே போதும். விடை 'அ'.

இனி, செலவிட்ட தொகையை மட்டும் 120 ரூபாய் என்று மாற்றுங்கள். இப்போது 14 பேனாவும் 2 நோட்டும் வாங்கியிருக்கலாம்; 3 பேனாவும் 9 நோட்டும் வாங்கியிருக்கலாம். முதற் கூற்று தனித்துப் போதாது. பொருள்கள் 12 என்ற செய்தி சேர்ந்த பிறகே 3 பேனா என்பது உறுதியாகிறது. விடை 'இ'. ஒரே ஓர் எண் மாறியதும் முடிவு மாறிவிட்டது. பேனா, நோட்டுக்குப் பதிலாக அரிசி, பருப்பு என்று வைத்து எடையைக் கேட்டிருந்தால், எடை பின்னமாகவும் இருக்கலாமாதலால், 100 ரூபாய்க் கணக்கிலும் முதற் கூற்று போதாது.

மூன்று தெரியாதவை, இரண்டு சமன்பாடுகள்

இதற்கு நேர்மாறான வியப்பும் உண்டு. ஓர் உணவகத்தில் 2 தோசை, 4 இட்லி, 1 காப்பி சேர்ந்து 168 ரூபாய். 3 தோசை, 7 இட்லி, 1 காப்பி சேர்ந்து 254 ரூபாய். ஒரு தோசை, ஓர் இட்லி, ஒரு காப்பி சேர்ந்து என்ன விலை?

தெரியாத விலைகள் மூன்று, சமன்பாடுகள் இரண்டே. தோசை 50, இட்லி 12, காப்பி 20 என்றாலும் பொருந்துகிறது. தோசை 44, இட்லி 14, காப்பி 24 என்றாலும் பொருந்துகிறது. தனி விலை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முதற் சமன்பாட்டை இரட்டித்து இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள்: 4 தோசையில் 3 போக 1, 8 இட்லியில் 7 போக 1, 2 காப்பியில் 1 போக 1. தொகை 336 − 254 = 82 ரூபாய். மேற்கண்ட இரண்டு விலைப் பட்டியல்களையும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் 82 தான். கேட்கப்பட்ட அளவு உறுதியாகிவிட்டது. கேட்கப்படாதவை இருளிலேயே இருக்கின்றன.

மூன்றாவதாக ஒன்று. அ² − 5அ + 6 = 0 என்று கொடுத்தால் 'அ' என்பது 2 ஆகவும் இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம். "அ இரட்டைப்படை எண்ணா?" என்று கேட்டால் இத்தரவு போதாது. "அ பகா எண்ணா?" என்று கேட்டால் போதும், இரண்டுமே பகா எண்கள் அல்லவா? ஆகவே தரவு போதுமா என்பது தரவை மட்டும் பொறுத்ததன்று, கேள்வியையும் பொறுத்தது.

இதுவே இவ்வினா வகையின் சிறப்பு. சமன்பாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. அவை எதைக் கட்டுப்படுத்துகின்றன என்று பார் என்று அது கற்பிக்கிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் 'தீர்க்க' என்று தொடங்கும் கணக்குகள் ஏராளம்; 'தீர்க்க முடியுமா?' என்று கேட்பவை மிகச் சில. அந்தக் குறையை ஒரு நுழைவுத் தேர்வு நிரப்புகிறது என்றால் அதனைப் பாராட்டவே வேண்டும்.

வானத்தில் ஒரு தரவுப் போதுமை

இது வெறும் தேர்வு விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டா. 1801 ஜனவரி முதல் நாளன்று இத்தாலிய வானியலார் பியாசி, சீரிஸ் என்ற சிறு கோளைக் கண்டார். சில வாரங்களில் அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. மீண்டும் எங்கே தேடுவது? இருபத்து நான்கு வயதான காஸ் என்ற ஜெர்மானியர் அதன் பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் குறித்த இடத்தருகே அது மீண்டும் தென்பட்டது.

சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையை முழுதும் குறிக்க ஆறு எண்கள் வேண்டும். ஒருமுறை நோக்கினால் வானில் அது இருக்கும் திசையைக் குறிக்கும் இரண்டு கோணங்கள் கிடைக்கும். ஆகவே மூன்று நோக்கல்கள், ஆறு எண்கள், போதும்! ஆயினும் அப்பொருள் பூமி சுற்றும் அதே தளத்தில் சுற்றினால், ஒவ்வொரு நோக்கலிலும் ஒரு கோணம் எப்போதும் சுழியாகவே இருந்து புதிய செய்தி எதையும் தராது. அப்போது மூன்று நோக்கல்கள் போதா. 1809-இல் வெளியான தம் நூலில் காஸ் இந்நிலைக்கு நான்கு நோக்கல்களைக் கொண்டு தீர்வு கூறினார். பேனா கணக்கில் நாம் கண்ட பாடமே இங்கும் இருக்கிறது: எண்ணிக்கை மட்டும் போதாது.

தெரிவுகளின் மயக்கம்

இனிக் குறைகளுக்கு வருவோம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணைக் கூட்டினால் 156 வருகிறது. அவ்வெண் 11, 12, 13, 14 ஆகியவற்றுள் எது? சமன்பாடு எழுத வேண்டியதே இல்லை. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் 12 என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பயிற்சி நூல்கள் இதனைப் பெரிய உபாயமாகப் போற்றுகின்றன. தேர்வறையில் இது குற்றமன்று. ஆனால் −13 என்ற மற்றொரு விடையும் உண்டென்பது அம்மாணவனுக்குத் தெரியாமலே போகிறது.

எதிர்க்குறி விடை பயனற்றது என்று தள்ளுவதும் சரியன்று. 15 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை மேல்நோக்கி எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், கல் தரையை அடையும் நேரத்திற்கு 3, −1 என இரண்டு விடைகள் வருகின்றன. 3 நொடியில் தரையில் விழும் என்பது தெளிவு. −1 என்பது என்ன? இக்கல் தரையிலிருந்தே எறியப்பட்டிருந்தால், அது ஒரு நொடி முன்னதாக, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் புறப்பட்டிருக்க வேண்டும் என்பதையே அது கூறுகிறது. விடையைத் தெரிவுகளிலிருந்து பொறுக்குபவனுக்கு இயற்கை சொல்லும் இந்த இரண்டாவது செய்தி கேட்பதில்லை.

'கேட்' தேர்வில் சில வினாக்களுக்குத் தெரிவுகள் இல்லை. விடையைத் தேர்வரே கணிப்பொறியில் எழுத வேண்டும். தவறானால் மதிப்பெண் குறைப்பதும் இல்லை. மாணவனை மீண்டும் சமன்பாட்டிடம் அழைத்து வருவதால், இவ்வகையே மேலானது என்பது என் கருத்து.

மொழியும் கணிதமும்

தமிழ்வழியில் பயின்றவர்களுக்கு ஒரு சொல். 'கேட்' தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. இயற்கணிதத்தில் தவறுபவர்கள் பலர் கணிதத்தில் தவறுவதில்லை, சொல்லில் தவறுகிறார்கள். நம் பாடநூலில் 'இயல் எண்கள்' என்பது 1, 2, 3 முதலியவை. 'முழு எண்கள்' என்பது சுழியையும் சேர்த்தவை. 'முழுக்கள்' என்பது எதிர்க்குறி எண்களையும் சேர்த்தவை. ஆங்கிலத்தில் இவை முறையே 'நேச்சுரல் நம்பர்', 'ஹோல் நம்பர்', 'இன்டிஜர்'. வர்க்கம் 10-ஐவிடச் சிறிதாக உள்ள எண்கள் எத்தனை? இயல் எண் என்றால் 3. முழு எண் என்றால் 4. முழுக்கள் என்றால் 7. 'இன்டிஜர்' என்ற சொல்லை 'முழு எண்' என்று மனத்தில் மாற்றிக்கொண்டவன், கணக்கைச் சரியாகப் போட்டும் மதிப்பெண்ணை இழப்பான். இத்தகைய சொற்கள் ஐம்பதுக்கு மேல் இரா. ஒரு குறிப்பேட்டில் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிரே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டும் சேர்த்துக் கற்றுக்கொண்டால் இத்தடை நீங்கும்.

முரண்படாத உலகம்

எல்லாவற்றிலும் பெரிய குறை இனிமேல் கூறுவது. தரவுப் போதுமை வினாக்களில் இரு கூற்றுகளும் ஒருநாளும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. தரப்படும் எண்களில் பிழை இருப்பதும் இல்லை. உலகம் அவ்வாறு அமைந்ததா?

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் மின்தடையை அளக்கிறோம். 0.2 ஆம்பியர் மின்னோட்டத்திற்கு 1.0 வோல்ட்டு, தடை 5 ஓம். 0.4 ஆம்பியருக்கு 2.1 வோல்ட்டு, தடை 5.25 ஓம். 0.6 ஆம்பியருக்கு 2.9 வோல்ட்டு, தடை ஏறத்தாழ 4.83 ஓம். தெரியாதது ஒன்றே, சமன்பாடுகள் மூன்று, மூன்றும் முரண்படுகின்றன. இங்கே 'போதுமா?' என்ற கேள்விக்கே இடமில்லை. 'எதை, எவ்வளவு நம்புவது?' என்பதே கேள்வி. இதற்கு விடையாகத்தான் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகையை மிகச் சிறிதாக்கும் முறையை லெஜாண்டர் 1805-இல் வெளியிட்டார். காஸும் தம் 1809-ஆம் ஆண்டு நூலில் அதனை விளக்கினார். மேற்கண்ட அளவீடுகளுக்கு அம்முறை ஏறத்தாழ 4.96 ஓம் என்று கூறுகிறது.

மேலாளர் ஆகப்போகிறவர் நிலையும் இதுவே. விற்பனைப் பிரிவு ஒரு கணக்குச் சொல்லும்; கிடங்கு வேறொரு கணக்குச் சொல்லும். அவருக்கு வரும் துன்பம் தரவு போதாமையால் மட்டும் அன்று. தரவுகள் ஒத்துப்போகாமையாலும் வரும். வணிகத் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, 'இரு கூற்றுகளும் முரண்படுகின்றன' என்று ஆறாவது தெரிவு ஒன்றைச் சேர்த்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

முடிவாக, இத்தேர்வின் இயற்கணிதம் இகழத்தக்கதன்று. 'விடை என்ன?' என்பதற்கு முன் 'விடை உண்டா, ஒன்றா, பலவா?' என்று கேட்கப் பழக்குவது அதன் பெருமை. காலத்தை நெருக்கி, தெரிவுகளைக் காட்டி, முரண்பாட்டை மறைப்பது அதன் சிறுமை. தேர்வுக்குப் படிப்பவர்களே, பயிற்சிக் கணக்கு ஒவ்வொன்றையும் கடிகாரத்தோடு ஒருமுறையும், தெரிவுகளைக் கையால் மறைத்துக் கடிகாரமின்றி மறுமுறையும் போட்டுப் பாருங்கள். பின்னர் அதில் ஓர் எண்ணை மாற்றி, விடை இன்னும் ஒன்றுதானா என்று கேளுங்கள். முதன்முறை போடுவது தேர்வுக்கு. மறுமுறை போடுவது உங்களுக்கு.