கதவின் இப்பக்கம்: ஒரு மோர்மன் திரைப்படத்தை முன்வைத்து

ஒரு கொள்கையைச் சுமந்து அந்நிய மண்ணில் கதவு கதவாகத் தட்டும் இளைஞனைக் கலைப்படைப்புகள் பெரும்பாலும் இருவகையிலேயே கண்டுவந்துள்ளன. வெளியில் நிற்போர் அவனை நகைப்புக்குரியவன் ஆக்குகின்றனர். 2011இல் நியூயார்க் பிராட்வே அரங்கேறிய 'தி புக் ஆஃப் மோர்மன்' இசைநாடகம், உகாண்டாவுக்கு அனுப்பப்பட்ட இரு மோர்மன் ஊழியர்களைக் கேலிக்கு உள்ளாக்கியே பெரும்புகழ் ஈட்டியது. உள்ளே நிற்போரோ அவனைத் தியாகியாக வரைகின்றனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேர்மையை நாடிய படைப்பு, ஸ்காட் ஆண்டர்சன் இயக்கத்தில் 2004இல் வெளிவந்த 'தி பெஸ்ட் டூ இயர்ஸ்' என்னும் திரைப்படம். 'மிகச் சிறந்த இரண்டாண்டுகள்' என்பது அதன் பொருள். அந்த நேர்மை எங்கு வெல்கிறது, எங்கு நின்றுவிடுகிறது என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

1830இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் நிறுவிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையே பொதுவழக்கில் மோர்மன் சபை எனப்படுகிறது. இச்சபையின் இளைஞர்கள் தம் வாழ்வின் இரண்டாண்டுகளை முழுநேர ஊழியத்துக்கு ஒதுக்குவது நெடுநாள் மரபு. ஆண்களுக்கு 19 என்றிருந்த தொடக்க வயது 2012இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. செல்லும் நாட்டை அவர்கள் தேர்வதில்லை. சபைத் தலைமையே விதிக்கிறது. ஊதியம் இல்லை, செலவை அவர்களும் குடும்பத்தாருமே ஏற்கின்றனர். இன்று உலகெங்கும் 70,000க்கும் மேற்பட்டோர் இப்பணியில் இருக்கின்றனர். நாம் அவர்களது கொள்கையை ஏற்காதவர்கள். ஆயினும், இளமையின் இரண்டாண்டுகளை ஒரு நம்பிக்கைக்காக ஈவது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்வதே நீதி.

அந்த நாள்களின் அன்றாடத்தைக் காட்டுவதில்தான் படம் வெற்றிபெறுகிறது. நெதர்லாந்தின் ஹார்லம் நகரில் ஓர் அடுக்ககத்தில் நான்கு இளைஞர்கள் வாழ்கின்றனர். இருபது வயதைச் சுற்றியே நிற்கும் அவர்களுக்கு 'எல்டர்', அதாவது மூப்பர், என்பது பட்டம். ஊழிய விதிப்படி இருவர் இருவராகவே தங்கவும் செல்லவும் வேண்டும். ஒருவர் மற்றவரின் பார்வையை விட்டு விலகலாகாது. வைகறையில் எழுந்து, வேதமும் மொழியும் பயின்று, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாகத் தெருவில் இறங்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் துணி துவைக்கவும் பண்டம் வாங்கவும் கடிதம் எழுதவும் உரியது. படம் வெளிவந்த காலத்தில் வீட்டாருடன் தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இருமுறையே அனுமதி இருந்தது. 2019 பிப்ரவரியில்தான் வாரந்தோறும் பேசலாம் என்றாயிற்று. எனவே, ஒரு கடிதத்தின் வரவோ வராமையோ ஒருவனது நாளையே புரட்டிப்போட வல்லது.

மூத்தவரான ரோஜர்ஸ் அப்படிப் புரட்டப்பட்டவர். ஊரில் இருந்த காதலி கைவிட்டபின் அவர் கடமைக்கு எழுகிறார், கடமைக்கு நடக்கிறார். அவருக்கு இணையாக ஓக்லஹோமாவிலிருந்து கால்ஹூன் என்னும் புதியவர் வந்து சேர்கிறார். ஆர்வம் மிகுந்த அவருக்கு டச்சு மொழி வசப்படவில்லை. நம்பிக்கை வற்றியவருக்கு மொழி தெரியும்; நம்பிக்கை ததும்புபவருக்கு மொழி தெரியாது. இந்த முரணே படத்தின் உயிர். பிறருக்குப் போதிக்க வந்தவனின் உள்ளமே வறண்டு கிடக்கலாம் என்பதைத் தம் சமூகத்தார் முன் சொல்ல ஆண்டர்சனுக்குத் துணிவு இருந்தது. கைல் ஹாரிசன் என்பவருக்குப் பாடம் சொல்ல நேரும்போது ரோஜர்ஸின் சொற்கள் அவரிடமே திரும்பி வருகின்றன. போதிப்பவனே முதல் மாணவன் என்னும் உண்மை மிகையின்றி நிறுவப்படுகிறது.

நம் தடை இங்குதான் எழுகிறது. அந்தக் கைல் யார்? நெதர்லாந்தில் தங்கியிருக்கும் ஓர் அமெரிக்கர், ஆங்கிலம் பேசுபவர். கால்ஹூன் தரும் நூலை வாங்கிப் படித்து மனம் மாறுபவர் அவர் ஒருவரே. கடல் கடந்து, ஒரு மொழியைப் பாடுபட்டுக் கற்று, ஈராண்டைச் செலவிட்ட ஊழியத்தின் கனி இறுதியில் தம் நாட்டவரிடமே, தம் மொழியிலேயே கிட்டுகிறது. டச்சுக்காரர்களோ மூடும் கதவுகளாகவும் நகைச்சுவைக்கு உதவும் முகங்களாகவும் நின்றுவிடுகின்றனர். இந்தப் பெரும் முரணைப் படம் தன்னையறியாமலே கடந்துபோகிறது.

ஹார்லம் வெறும் பின்னணித் திரையன்று. அந்நகரில்தான் கோரி டென் போமின் குடும்பம், நாஜி ஆக்கிரமிப்பின்போது, வேட்டையாடப்பட்ட யூதர்களுக்குத் தன் கதவைத் திறந்து மறைவிடம் அளித்தது. காட்டிக்கொடுக்கப்பட்டு 1944 பிப்ரவரியில் கைதானது. முதிய தந்தை காஸ்பர் சிறையில் மாண்டார். மகள் பெட்சி ராவன்ஸ்புரூக் முகாமில் உயிர்நீத்தார். மோர்மன் ஊழியமும் அந்நாட்டுக்குப் புதிதன்று. 1861இலேயே முதல் ஊழியர்கள் அங்கு சென்றனர். 2002இல் சூட்டர்மேரில் சபையின் ஆலயமே எழுந்துவிட்டது. இத்தனை வரலாறு படிந்த நிலத்தில் ஒரு கதவு மூடப்படுகையில், மூடுபவருக்கும் சொல்ல ஏதோ இருக்கும். படம் அதைக் கேட்க நிற்பதில்லை. மேடை நாடகமாகப் பிறந்த கதையாதலால் அறைக்குள் சுழல்வது இயல்பே எனலாம். ஆனால், அறைக்குள் சுழல்வது ஒன்று; வெளியே மனிதர் உண்டு என்பதை மறப்பது வேறு.

ஒப்புநோக்க, மிட்ச் டேவிஸ் இயக்கிய 'தி அதர் சைட் ஆஃப் ஹெவன்' (2001) கலையமைதியில் இதனினும் குறைந்தது. 1950களில் தொங்கா தீவுகளுக்குச் சென்ற ஜான் குரோபெர்க்கின் நினைவுநூலைத் தழுவிய அப்படம், தீவுமக்களைச் சில இடங்களில் வெகுளிகளாகவே காண்கிறது. எனினும், ஆங்கில விவிலியத்தையும் தொங்க விவிலியத்தையும் அருகருகே வைத்துப் படித்து அவர் மொழி கற்கிறார். புயலிலும் பசியிலும் அத்தீவாரையே நம்பி உயிர்வாழ்கிறார். கொடுக்க வந்தவன் பெறுபவனாகிறான். ஹார்லத்தின் நால்வருக்கோ அந்நகரத்தாரின் தேவை எழவே இல்லை.

இது ஒரு சபையின் குறையாக மட்டும் எஞ்சுவதில்லை. 2004இலேயே அச்சபை புதிய போதனைக் கையேட்டை வெளியிட்டது. வகுத்துவைத்த பாடவரிசையை ஒப்பிப்பதை விடுத்து, கேட்பவரின் நிலையறிந்து சொந்தச் சொற்களில் பேசுமாறு பணித்தது. செவிமடுக்காத பேச்சு பயனற்றது என்பதை அனுபவம் அவர்களுக்கும் உணர்த்தியிருக்க வேண்டும். பிறர் வாசலில் அனுமதி கோருவதும், திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் மனக்கசப்பின்றித் திரும்புவதும் நம் மரபு கற்பிக்கும் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தின் உட்பொருள், உள்ளே இருப்பவரும் நம்மைப்போல் முழுமனிதர் என்னும் ஏற்பே. அழைப்புப் பணியில் ஈடுபடும் நம் இளைஞர்கள் திரும்பி வந்து சொல்லும் அனுபவங்களிலும், எத்தனை பேரைச் சந்தித்தோம் என்பதே மிகுதியாகவும், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அரிதாகவும் இருப்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆண்டர்சனின் படம் தன் தலைப்புக்கு உண்மையாக இருக்கிறது. அவை மிகச் சிறந்த இரண்டாண்டுகள்தாம், சென்றவர்களுக்கு. ஓர் இளைஞன் தளர்ந்து மீளும் கதையாக அதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். ஒரு சமயம் இன்னொரு மக்களைச் சந்தித்த கதையாக அதை ஏற்க இயலாது. அக்கதையை எழுத வேண்டுமாயின், அந்த ஈராண்டுகளில் கதவைத் திறந்த, அல்லது திறக்க மறுத்த, ஒரு டச்சுக்காரரின் பெயரேனும் நம் நினைவில் நின்றிருக்க வேண்டும்.