மூச்சும் மாயையும்

விக்கிரக ஆராதனைக்கு எதிரான பைபிள் குரல்களில் பிரசித்தமானது ஏசாயா 44ஆம் அதிகாரம். ஒருவன் மரத்தின் ஒரு பாதியை எரித்துக் குளிர்காய்கிறான், அப்பம் சுடுகிறான். மீதியைத் தெய்வமாக்கி அதன்முன் விழுகிறான். கேலி கூர்மையானது, ஆனால் மேலோட்டமானது. பாபிலோனியன் வெறும் மரத்தைக் கும்பிடுவதாக நினைத்தவனல்ல. சிலைக்கு 'வாய் கழுவும்' சடங்கு அவனிடம் இருந்தது. அதில் சிற்பியின் கைகளைக் கட்டி, மரக்கத்தியால் வெட்டுவதாகப் பாவனை செய்வார்கள். சிலையைச் செய்தது தானல்ல என்று சிற்பி சத்தியம் செய்ய வேண்டும். அயலாரின் மதத்தை உள்ளிருந்து அறியாத எள்ளல் இது என்று யெஹெஸ்கேல் காஃப்மன் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் செய்த கையை மறைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? சடங்கே ஏசாயாவின் பக்கம் சாட்சி சொல்கிறது.

கேலியைத் தாண்டிய தளம் எரேமியாவில் இருக்கிறது. அந்நிய தெய்வங்களுக்கு அவர் வைக்கும் பெயர் 'ஹெவெல்'. மூச்சு, ஆவி என்று பொருள். 2ஆம் அதிகாரத்தில் அவற்றின் பின்னால் போனவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்லும் வினையும் அதே வேரிலிருந்து பிறக்கிறது. தொழுதவன் தொழுததாகவே ஆகிவிட்டான். தமிழ் வேதாகமம் இங்கு தெய்வத்தை 'மாயை' என்கிறது, மனிதர்களை 'வீணர்' என்கிறது. வேர் அறுந்துபோயிற்று.

அதைவிடப் பெரிய நஷ்டம் 'மாயை' கொண்டுவரும் வேதாந்தச் சுமை. மாயை என்றதும் குற்றம் பார்வையினுடையது, உலகம் தோற்றம் என்றாகிவிடுகிறது. ஹெவெல் தோற்றமல்ல. மூச்சு நிஜம், பிடித்துவைக்கத்தான் முடியாது. பிரசங்கி திரும்பத் திரும்பச் சொல்வதும் இச்சொல்லையே. காயீன் கொன்ற ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதுதான். கொலையுண்ட தம்பி மாயையா?

எரேமியா 10இல் இன்னும் துல்லியம்: சிலைகளில் 'ரூவாஹ்' இல்லை, அவை ஹெவெல். இரண்டும் மூச்சுதான். ஒன்று உயிர் தருவது. மற்றது வெளியேறிக் கலைவது. கலைவதை நிலையானதென்று பற்றுகிறவன் தானும் கலைகிறான். வெறுமை சிலையில் தொடங்கி, தொழுபவனுக்குள் முடிகிறது.

இந்த அளவுகோல் அயலாருக்கு மட்டுமென்றால் வெறும் குலப்பகையாகியிருக்கும். ஆனால் கர்த்தர் சொல்லி மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே பின்னாளில் தூபம் காட்டினார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூதாவை ஆண்ட எசேக்கியா அதை உடைத்தான். அதன் பெயர் நிகுஸ்தான். வெண்கலம் என்ற சொல் அதில் ஒலிக்கிறது. பாம்பு கடித்தவன் அதைப் பார்த்துப் பிழைத்தது பொய்யல்ல என்றுதான் எண்ணாகமம் சொல்கிறது. உண்மையாயிருந்ததுதான் உடைபட வேண்டியிருந்தது.

கவிதை விமர்சனத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட 'படிமம்' சிலைக்கும் பெயர். ஒரு காலத்தில் நம்மைப் பிழைக்கவைத்த படிமங்களுக்கு இன்றும் தூபம் காட்டுகிறோம். உடைக்க ஒரு எசேக்கியாவைத்தான் காணோம்.