காலும் கடனும் ஒரே வாசலில்

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தால் லொத்தர் விற்பவர்களைக் காணலாம். மூன்று சில்லுச் சைக்கிள், முன்னுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நிரையாக அடுக்கிய சீட்டுகள், பிடியில் கட்டிய சின்ன ஒலிபெருக்கி. விற்பவர்களில் பலருக்கு ஒரு கால் இல்லை. சிலருக்கு இரண்டுமே இல்லை. பாக்கு நீரிணையைத் தாண்டினால் இந்தக் காட்சி கிடையாது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லொத்தர் விற்பனையை முற்றாகத் தடை செய்தது. கூலிக்காரர் வீட்டுக் காசு சீட்டில் கரைகிறது என்ற காரணம் நியாயமானதுதான். ஆனாலும் அன்றைக்குப் பிழைப்பை இழந்தவர்களில் உடற்குறை உள்ளவர்கள் கணிசமானோர். இலங்கையில் அரசே இரண்டு சபைகளை வைத்து லொத்தர் நடத்துகிறது. கால் இழந்தவருக்கு ஊர் சுலபமாகக் காட்டும் தொழில் அதுவாகவே இன்றும் இருக்கிறது.

உதவிப்பணத்தில் வாழும் மாற்றுவலுவுள்ளோரை உழைப்புக்குக் கொண்டுவரும் வேலையை இரண்டு நாடுகளும் இரண்டு விதமாகச் செய்கின்றன. இந்தியா சட்டத்தையும் பதவியையும் நம்புகிறது. இலங்கை, குறிப்பாக வடக்கு, சுயதொழிலையும் கைக்கடனையும் நம்புகிறது. யாழ்ப்பாணத்தார் இந்தியாவிடம் கேட்டு வாங்கவேண்டியவை உண்டு. அதேபோல, இங்கிருந்து இந்தியர்கள் எடுத்துப்போகக்கூடிய ஒன்றும் உண்டு.

முதலில் காசுக் கணக்கு. இலங்கையில் மாற்றுவலுவுள்ளோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2024 தொடக்கத்தில் 7,500 ரூபாவானது. 2025 பட்ஜெட் அதை 10,000 ஆக்கியது. தமிழ்நாட்டில் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் 2,000 இந்திய ரூபா. நம்முடைய காசில் அது ஏறத்தாழ 7,000. அதே 2025இல் இங்கே சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ஆயிற்று. ஆகவே, உதவிப்பணம் கிடைப்பதால்தான் இவர்கள் வேலைக்குப் போவதில்லை என்ற பேச்சை நான் நம்புவதில்லை. பத்தாயிரத்தில் மருந்து வாங்கி, ஓட்டோவுக்குக் கொடுத்து, மிச்சத்தில் யார் சோம்பி இருக்க முடியும்?

சோம்பல் இல்லை, பயம் இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பம் என்ற பெயரில் வரும் காசு இந்த உதவிப்பணம். வீட்டுக்குள் ஒரு சம்பளச் சீட்டு வந்தால் அந்தப் பெயர் ஆட்டம் காணும். "கடைக்காரர் ரெண்டு மாதத்தில நிப்பாட்டிப்போட்டா என்ன செய்யிறது தம்பி? வெட்டின காசைத் திருப்பி எடுக்க விதானையார், டி.எஸ். ஒஃபிஸ், டொக்டர் எண்டு அலைய வேணும்" என்று சொல்லும் தாய்மாரை எந்தக் கிராமத்திலும் காணலாம். அவர்களுடைய கணக்குப் பிழையில்லை. கொடுப்பனவு நிச்சயம், வேலை நிச்சயமில்லை. தமிழ்நாட்டிலும் வசதியற்றோருக்கென்று வரும் ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உடற்குறைக் காப்புறுதிப் பணம் பெறுபவர் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது மாதம் வேலை செய்து பார்க்கலாம். எவ்வளவு உழைத்தாலும் அந்த மாதங்களில் பணம் குறையாது. நம் இரண்டு நாடுகளுக்கும் இந்த ஒன்பது மாத யோசனை கட்டுப்படியாகாத ஒன்றல்ல.

சட்டம் என்று வந்தால் இந்தியா எங்கோ முன்னுக்கு நிற்கிறது. இலங்கையில் 1988இல் ஒரு பொதுநிர்வாகச் சுற்றறிக்கை வந்தது: அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் நூற்றுக்கு 3 வெற்றிடங்களைத் தகைமை உள்ள மாற்றுவலுவுள்ளோருக்குக் கொடுக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலை மறுப்பில் பாகுபாடு கூடாது என்றது. ஆனால் மூன்று வீதம் சுற்றறிக்கையாகவே நின்றுவிட்டது. சுற்றறிக்கையை மறந்துபோன அதிகாரியை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

இந்தியாவில் 1995இலேயே 3 வீதம் சட்டமாகிவிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கியது: பார்வைக்கு ஒன்று, செவிக்கு ஒன்று, நடமாட்டத்துக்கு ஒன்று, அறிவுத்திறன் மற்றும் மனநலக் குறைபாடுகள் சேர்ந்து ஒன்று. அந்த ஆண்டு ஆள் கிடைக்காவிட்டால் இடம் அடுத்த ஆண்டுக்குப் போகும். "தகுதியான ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் பொதுப் பட்டியலில் உடனே போட்டுக்கொள்ள முடியாது. ஒதுக்கீட்டு இடங்களைக் கணக்கிடுவதில் செய்த தில்லுமுல்லை 2013இல் உச்ச நீதிமன்றமே தட்டிக்கேட்டது. இவ்வளவும் இருந்தும் பார்வையற்ற பட்டதாரிகள் சென்னைத் தெருக்களில் பலமுறை உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. ஆனாலும் எந்தப் பிரிவின்படி தமக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்று அவர்களால் சொல்ல முடிகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்த பார்வையற்ற இளைஞனிடம் சொல்வதற்கு ஒரு சுற்றறிக்கை இலக்கம் மட்டுமே உண்டு.

இனி யாழ்ப்பாணத்தின் பக்கம். 1987இல் இங்கே யாழ் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கிற்று. அதன் பெயருக்குரிய கால் இந்தியாவில் பிறந்தது. 1968 அளவில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து அதை வடிவமைத்தார்கள். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும். அதோடு சம்மணம் கொட்டி இருக்க முடியாது. ஜெய்ப்பூர்ப் பாதம் இறப்பரால் ஆனது, மனிதப் பாதத்தின் நிறம், சப்பாத்துத் தேவையில்லை. வயல் சேற்றில் இறங்கலாம், குந்தலாம், நல்லூர் வீதியில் செருப்பைக் கழற்றிவிட்டு மற்றவர்களோடு மற்றவராய் நடக்கலாம். சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

கண்ணிவெடியும் ஷெல்லும் பறித்த கால்களுக்குப் பதில் கால் செய்த அந்த நிலையம் கால் கொடுத்ததோடு நிற்கவில்லை. பொருத்திக்கொண்டவர்கள் தொழில் தொடங்க வட்டியில்லாக் கடனும் கொடுத்து வருகிறது. கோழி வளர்ப்பு, தையல், சைக்கிள் திருத்தம், பெட்டிக்கடை என்று சின்னச் சின்ன முதல். எனக்கு இதில் பெறுமதியாகப்படுவது தொகையைவிட அந்த ஒழுங்கு. அளவு எடுக்க ஒருநாள், போட்டுப் பார்க்க ஒருநாள், பிறகு நோகுது என்று ஒருநாள் என ஒருவர் அந்த வாசலுக்கு வந்துகொண்டே இருப்பார். எவ்வளவு நேரம் நிற்க முடியும், வெட்டிய இடத்தில் புண் வருகிறதா, வீட்டில் யார் உதவிக்கு இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். கடனைப் பற்றிப் பேசுவதும் அதே வாசலில். அரச அலுவலகங்களிலோ, சான்றிதழுக்கு ஒரு மேசை, கொடுப்பனவுக்கு இன்னொன்று, தொழிற்பயிற்சிக்கு வேறொரு கட்டடம். தமிழ்நாட்டில் தையல் இயந்திரமும் மூன்று சில்லு ஸ்கூட்டரும் வங்கிக் கடன் மானியமும் உண்டு. ஆனால் இவை எல்லாம் தனித்தனி மனுக்கள். அங்கே இதற்கு விலக்கு, தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சிகிச்சையையும் பள்ளியையும் தொழிற்பயிற்சியையும் ஒரே வளவுக்குள் வைத்திருக்கிறது.

சுயதொழிலைப் பாராட்டும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. யாழ்ப்பாணம் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது. அதன்பின் சம்பளம் கொடுக்கக்கூடிய பெரிய கதவு ஒன்றும் குடாநாட்டில் இல்லை. தமிழ்நாட்டில் கதை வேறு. அங்கே காட்பாடியில் 1963இல் சுவீடன் செஞ்சிலுவையினர் தொழுநோய் மாறியவர்களுக்காகத் தொடங்கிய பட்டறை, வொர்த் டிரஸ்ட் என்ற பெயரில் இயந்திர உதிரிப்பாகங்களும் பிரெயில் தட்டச்சுப் பொறிகளும் செய்யும் தொழிற்சாலையாக வளர்ந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள் இருந்ததால் ஓடர் வந்தது. கோழி செத்தால் முதலும் போய்விடும் பிழைப்புக்கும், மாதம் முடிய வரும் சம்பளத்துக்கும் உள்ள தூரம் பெரியது. அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையில் இடம் கேட்டு வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும், இத்தனை பேருக்கு மாற்றுவலுவுள்ளோர் இத்தனை பேர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். இதற்குக் கொழும்பில் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டிடமிருந்து அப்படியே தூக்கிவரக்கூடியவை இரண்டு. அரசின் நூறு நாள் வேலைத்திட்டத்தில் மாற்றுத்திறனாளி நான்கு மணி நேரம் செய்தால் முழு நாள் கூலி என்று அங்கே வைத்தார்கள். தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்ப்பது போன்ற வேலைகளை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். மற்றது பஸ். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருபவருக்கும் கட்டணமில்லை. நம்முடைய மினிபஸ்ஸில் முதற் படியே முழங்கால் உயரம், "கெதியா ஏறுங்கோ" என்று நடத்துநர் முதுகில் தட்டுவார். கொடிகாமத்தில் இருப்பவருக்கு நகரத்தில் வேலை கிடைத்தாலும் போய்வர ஓட்டோதான் கதி. அந்தக் காசைச் சம்பளத்தில் கழித்துப் பார்த்துவிட்டே பல குடும்பங்கள் "வேண்டாம், வீட்டிலேயே இரு" என்று முடிவெடுக்கின்றன.